அச்சம் நகையாகும் இடம்: குறைந்த செலவில் உருவான பழைய அமெரிக்கத் திகில் படங்களும் மெய்ப்பாட்டியலும்

ஆய்வுச் சுருக்கம்

1950களில் அமெரிக்காவில் மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட திகில் படங்கள் பலவும் பார்வையாளரை அச்சுறுத்தும் நோக்குடன் உருவானவை. இன்று அவை நகைப்புக்காகவே பெரிதும் பார்க்கப்படுகின்றன. இந்நகைப்பை மேலைத் திறனாய்வு ‘கேம்ப்’ என்னும் சொல்லால் குறிக்கிறது. அது வெறும் ஏளனந்தானா என்னும் வினாவை, தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்குக் கூறும் நான்கு நிலைக்களன்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. எட்வர்ட் வுட் இயக்கிய ‘பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மெய்ப்பாடு, நகை, அச்சம், எள்ளல், மடன், கேம்ப், திகில் படம், எட்வர்ட் வுட்

முன்னுரை

இடுகாடு ஒன்றில் சிலர் விரைந்து செல்கின்றனர். ஒருவரது கால் பட்டதும் கல்லறைக் கல் அட்டைபோல் ஆடுகிறது. ஒரு காட்சித்துண்டில் நள்ளிரவாக இருந்த வானம் அடுத்த துண்டில் பட்டப்பகலாகிறது. அதற்கடுத்த துண்டில் மீண்டும் இருள். மாண்டு மீண்டெழுந்த முதியவர் திடீரென வேறோர் உயரமான ஆளாக மாறி, கருநிற மேலங்கியின் விளிம்பால் மூக்குவரை முகத்தை மறைத்துக்கொண்டு நடமாடுகிறார். 1956இல் படமாக்கப்பட்டு, 1957இல் முன்னோட்டமாகத் திரையிடப்பட்டு, 1959இல் பரவலாக வெளியான ‘பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ (இனி ‘பிளான் 9’) என்னும் இப்படம் அச்சுறுத்துவதற்காகவே எடுக்கப்பட்டது. இன்று அதனைக் கண்டு அஞ்சுவார் எவருமிலர். ஆயினும் அது தொடர்ந்து பார்க்கப்படுகிறது, விரும்பப்படுகிறது, ஆராயப்படுகிறது. அதே ஆண்டுகளில் நேர்த்தியாக எடுக்கப்பட்ட எத்தனையோ படங்களின் பெயர்கூட இன்று எவருக்கும் நினைவில் இல்லை.

இக்கட்டுரையாளர் இப்படத்தை முதன்முதலில் ஆய்வு மாணவர் விடுதி அறையில், ஒரு மடிக்கணினித் திரையின் முன் ஐந்து நண்பர்களோடு நெருக்கியடித்து அமர்ந்து பார்த்தார். சிரிப்பு அடங்கவில்லை. பின்னர் ஆய்வரங்கு ஒன்றில் இதனைப் பொருளாக்கிப் பேச முற்பட்டபோது, மூத்த பேராசிரியர் ஒருவர், மோசமான படத்தைப் பார்த்துச் சிரிப்பதற்குக் கோட்பாடு எதற்கு என்று வினவினார். அவ்வினா நேர்மையானது. அதற்கு அன்று தக்க விடை கூற இயலவில்லை. மோசமான படங்கள் யாவும் சிரிப்பை விளைவிப்பதில்லை. பெரும்பாலானவை சலிப்பையே தருகின்றன. சில மட்டும் ஏன் விருப்பத்திற்குரிய சிரிப்பைத் தருகின்றன என்பதே ஆராயத்தக்க சிக்கல்.

‘கேம்ப்’ என்னும் சொல்

தமிழில் இச்சொல்லைக் கேட்டவுடன் கண் சிகிச்சை முகாமோ நாட்டு நலப்பணித் திட்ட முகாமோ நினைவுக்கு வருதல் இயல்பு. இங்குக் கருதப்படும் பொருள் வேறு. மிகைப்பாடு, செயற்கைத்தன்மை, பாவனை ஆகியவற்றில் திளைக்கும் ஒருவகைச் சுவையுணர்வையே மேலைக் கலையுலகம் இச்சொல்லால் சுட்டுகிறது. அது நெடுங்காலம் ஆங்கிலம் பேசும் பெருநகரங்களில் வாழ்ந்த தன்பாலீர்ப்பாளரிடையே வழங்கிய குழூஉக்குறியாக இருந்தது. கிறிஸ்டஃபர் இஷர்வுட் 1954இல் வெளியிட்ட ‘த வேர்ல்ட் இன் தி ஈவ்னிங்’ என்னும் புதினம் இதனைப் பொதுவாசகர் முன் வைத்து, உயர்நிலை, தாழ்நிலை எனப் பாகுபடுத்தியது. சூசன் சொண்டாக் 1964இல் ‘பார்ட்டிசன் ரிவ்யூ’ இதழில் எழுதிய கட்டுரையே இதனைத் திறனாய்வுக் கலைச்சொல்லாக நிலைபெறச் செய்தது. ஆஸ்கார் வைல்டுக்குக் காணிக்கையாக்கப்பட்ட அக்கட்டுரை 58 குறிப்புகளின் தொகுப்பாக அமைந்தது.

சொண்டாக்கின் குறிப்புகளுள் இவ்வாய்வுக்கு இன்றியமையாதது ஒன்று. கேம்ப் தன்மையை அவர் இருவகைப்படுத்துகிறார்: தன்னை அறியாதது, தன்னை அறிந்து செய்யப்படுவது. இவற்றுள் முன்னதே தூயது என்பது அவர் துணிபு. முழு ஈடுபாட்டுடன் முயன்று, முயன்ற அளவுக்கு எட்டாமல் போன தீவிரமே அதன் உயிர். சிரிக்க வைக்க எண்ணியவரிடம் அது பிறப்பதில்லை.

இச்சொல்லை அதன் சமூகப் பின்புலத்திலிருந்து சொண்டாக் பிரித்துவிட்டார் எனப் பின்வந்த திறனாய்வாளர் சிலர் குறை கூறியுள்ளனர். அக்குறை ஏற்கத்தக்கதே. வுட்டின் படங்களைப் பொறுத்தவரை அப்பின்புலம் வெகு தொலைவில் இல்லை. அவர் 1953இல் இயக்கிய ‘கிளென் ஆர் கிளெண்டா’ பெண்ணுடை அணிய விழையும் ஆடவனைப் பற்றியது. அவ்விழைவு உடைய வுட்டே அதன் முதன்மைப் பாத்திரத்தையும் ஏற்றார். அன்றைய அமெரிக்கச் சமூகம் வெளிப்படையாகப் பேச மறுத்த ஒன்றை, மலிவான பரபரப்புப் படத்திற்குள் அவர் பரிவோடு பேசினார்.

இச்சொல்லுக்குத் தமிழில் புதிதாக ஒரு சொல்லை ஆக்கிக்கொள்ள இக்கட்டுரை முயலவில்லை. நகை என்னும் மெய்ப்பாட்டிற்குள் இது எங்கே அமைகிறது என்று காண்பதே பயனுடையது.

படங்கள் பிறந்த சூழல்

1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு ஒன்று, பெரும்படப்பிடிப்பு நிறுவனங்கள் திரையரங்குகளையும் தம் கைக்குள் வைத்திருந்த முறையைத் தகர்த்தது. அந்நிறுவனங்கள் இருபடக் காட்சிகளுக்காகத் தாமே எடுத்துவந்த சிறு படங்களைக் குறைத்துக்கொண்டன. தொலைக்காட்சியின் வரவால் பெரியோர் வீட்டிலேயே தங்கினர். திரையரங்குக்கும், காரில் அமர்ந்தபடியே பார்க்கும் திறந்தவெளி அரங்குக்கும் பதின்வயதினர் திரண்டனர். இவ்வெற்றிடத்தில் சிறு தயாரிப்பாளர்கள் புகுந்தனர். ஜேம்ஸ் நிக்கல்சனும் சாமுவேல் ஆர்காஃபும் 1954இல் தொடங்கி, பின்னர் ‘அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ்’ எனப் பெயர் பெற்ற நிறுவனம் முதலில் தலைப்பையும் சுவரொட்டியையும் முடிவு செய்துவிட்டு அதற்கேற்பப் படம் எடுப்பதில் பெயர் பெற்றது. சுவரொட்டி காட்டும் அரக்கனைத் திரையில் கொணரப் பணம் இருந்ததா என்பது வேறு செய்தி.

இச்சூழலின் மற்றொரு கூறு தொலைக்காட்சியே. 1954இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஓர் ஒளிபரப்பில் மைலா நூர்மி என்னும் நடிகை ‘வாம்பைரா’ என்ற வேடத்தில், கருநிற இறுக்க உடையும் நீண்ட நகங்களுமாகத் தோன்றிப் பழைய திகில் படங்களை அறிமுகம் செய்தார். 1957இல் யுனிவர்சல் நிறுவனத்தின் பழைய படங்கள் 52 ‘ஷாக்’ என்னும் தொகுப்பாகத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு விற்கப்பட்டன. நகர்தோறும் இத்தகைய பேய் வேட அறிமுகர்கள் தோன்றினர். படத்தின் இடையே குறுக்கிட்டு நையாண்டி செய்வது அவர்களது வழக்கம். அச்சப்படத்தைச் சிரித்துக்கொண்டே பார்க்கும் பழக்கம் இவ்வாறு ஒரு தலைமுறைச் சிறுவர்க்கு வீட்டு முற்றத்திலேயே கற்பிக்கப்பட்டது. ஆகவே கேம்ப் நோக்கு பிற்காலத்தவர் பழைய படங்கள்மீது ஏற்றியது மட்டுமன்று. அப்படங்களின் காலத்திலேயே அதற்கு வித்திடப்பட்டிருந்தது.

வறுமை மட்டும் காரணமன்று

பணமின்மையே நகைப்புக்குக் காரணம் என்பது எளிய விடை. அது பொருந்தாது. வால் லூட்டன் தயாரித்து ஜாக் டூர்னர் இயக்கிய ‘கேட் பீப்பிள்’ (1942) சிக்கனமாக எடுக்கப்பட்ட படமே. அதன் நீச்சல் குளக் காட்சியில் விலங்கு ஏதும் காட்டப்படுவதில்லை. சுவரில் ஆடும் நீரொளியும் ஓர் உறுமலும் நிழலுமே அச்சத்தை விளைவிக்கின்றன. கான்சஸ் மாநிலத்தில் கல்விப் படங்களும் தொழில்துறைப் படங்களும் எடுத்துவந்த ஹெர்க் ஹார்வியின் ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ (1962) ஏறத்தாழ 33,000 டாலரிலும், ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ (1968) ஏறத்தாழ 1,14,000 டாலரிலும் முடிக்கப்பட்டவை. இவற்றைக் கண்டு இன்றும் எவரும் சிரிப்பதில்லை. இவர்கள் தம்மிடம் இல்லாததை மறைத்தனர், அல்லது இல்லாமையையே படத்தின் தன்மையாக்கிக்கொண்டனர்.

‘ரோபோ மான்ஸ்டர்’ (1953) இதற்கு நேர்மாறானது. நான்கு நாள்களில் எடுக்கப்பட்டதாகக் கூறப்படும் அப்படத்தில், உலகை அழிக்க வந்த வேற்றுலக எந்திரம் ஒரு மனிதக்குரங்கு உடையின்மேல் தலைக்கவசம் ஒன்றைக் கவிழ்த்த உருவமாக வருகிறது. எந்திர உடைக்குப் பணம் இல்லை. சொந்தமாகக் குரங்கு உடை வைத்திருந்த நடிகர் ஒருவர் கிடைத்தார். இயக்குநர் ஃபில் டக்கர் அவரை நிழலில் ஒளித்திருக்கலாம். மாறாக, உச்சிவெயிலில் பாறைகளுக்கிடையே முழு உருவமாக நடக்க விட்டார். இசையமைத்தவர் பின்னாளில் ஆஸ்கார் விருது பெற்ற எல்மர் பெர்ன்ஸ்டைன். அவ்விசை சற்றும் தளராத் தீவிரத்தோடு ஒலிக்கிறது. திரையில் தெரிவதற்கும் காதில் விழுவதற்கும் இடையே உள்ள அந்த வெளியில்தான் நகை பிறக்கிறது.

இங்கு ஓர் ஒப்பீடு தெளிவு தரும். தெருக்கூத்தில் இருவர் பிடிக்கும் ஒரு துணியே திரை. அதன் பின்னிருந்து மன்னன் தோன்றுகிறான். அத்துணியைக் கண்டு எவரும் நகைப்பதில்லை. துணியைத் திரையாகவும் களரியை அரண்மனையாகவும் கொள்வது ஆடுவோரும் காண்போரும் செய்துகொண்ட உடன்பாடு. திரைப்படக் கருவியோ உள்ளதை உள்ளவாறு காட்டுவதாக உறுதி கூறுகிறது. அவ்வுறுதியை நம்பி வந்தவர் முன் அட்டைக் கல்லறை ஆடும்போது உடன்பாடு முறிகிறது. தமிழ் வாசகர்க்கு உடனே நினைவுக்கு வரக்கூடிய விட்டலாச்சார்யாவின் படங்களை முழுமையாக இவ்வகையில் அடக்க இயலாமைக்கும் காரணம் இதுவே. ‘ஜகன்மோகினி’யில் (1978) பேய் விறகுக்கு மாற்றாகத் தன் காலையே அடுப்பில் நீட்டிச் சமைக்கும் காட்சி உலகியல் நம்பகத்தன்மையை முதலிலேயே கோரவில்லை. மாயக்கதை மரபில் நிற்கும் அது அச்சத்தைவிட மருட்கையை நாடுகிறது; புதுமையே அதன் நிலைக்களன்.

எள்ளலும் மடனும்

மெய்ப்பாடு எட்டனுள் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கையும், அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கையும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் கூறுவார். செய்யுளுக்குரிய இலக்கணத்தைத் திரைப்படத்திற்குப் பொருத்துவது காலவழு ஆகாதோ என்னும் ஐயம் எழலாம். உரையாசிரியர்கள் மெய்ப்பாட்டை நாடக வழக்கோடு இணைத்தே விளக்கியுள்ளனர். நடிப்போன் செய்வது காண்போனைச் சென்றடைதல் என்னும் பொருள்படச் செயிற்றியனார் கருத்தை இளம்பூரணர் எடுத்துக்காட்டுகிறார். சுவைக்கப்படும் பொருள், அதனை நுகரும் பொறியுணர்வு, உள்ளத்தில் எழும் குறிப்பு, உடலில் வெளிப்படும் விறல் எனப் பேராசிரியர் இதனைப் பகுத்துக் காண்கிறார்.

இப்பகுப்பே நம் சிக்கலின் முதல் முடிச்சை அவிழ்க்கிறது. அச்சுறுத்தும் படத்தில் சுவைக்கப்படும் பொருள் பேய். அது அணங்கு என்னும் நிலைக்களனைச் சார்ந்தது. கேம்ப் நோக்கில் பார்க்கப்படும்போது சுவைக்கப்படும் பொருள் பேய் அன்று. பேயை உண்டாக்க ஒரு கூட்டத்தார் எடுத்துக்கொண்ட முயற்சி. நடிப்போன் அச்சத்தைச் செய்கிறான். காண்போனை வந்தடைவது நகை. இடைவழியில் பொருள் மாறிவிட்டது. தொல்காப்பியம் கருதும் நகை பெரிதும் பாடலின் மாந்தர்க்குரியது. இங்கோ படைத்தோனே நகைக்குப் பொருளாகிறான். இவ்வேறுபாட்டை மனங்கொண்டே மேற்செல்ல வேண்டும்.

இந்நகை நான்கனுள் எதன்பாற்படும்? எள்ளல் என்பதே பெரும்பான்மையோர் விடை. 1980இல் ஹாரி மெட்வெட், மைக்கேல் மெட்வெட் என்னும் உடன்பிறந்தார் வெளியிட்ட ‘த கோல்டன் டர்க்கி அவார்ட்ஸ்’ என்னும் நூல் ‘பிளான் 9’ படத்தை எக்காலத்திற்கும் மிக மோசமான படம் என்றும், வுட்டை மிக மோசமான இயக்குநர் என்றும் அறிவித்தது. அப்படம் பரவலாக அறியப்பட்டமைக்கு அந்நூலே காரணம் என்பதை மறுக்க இயலாது. ஆனால் அவ்வறிவிப்பைக் கேட்க வுட் உயிருடன் இல்லை. குடிப்பழக்கத்தாலும் வறுமையாலும் சிதைந்து, வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட சில நாள்களில், 1978 டிசம்பர் 10 அன்று தம் 54ஆம் வயதில் அவர் இறந்தார்.

எள்ளல் தனக்கு வேண்டிய சான்றுகளைத் தானே படைத்துக்கொள்வதும் உண்டு. ‘பிளான் 9’ படத்தின் பறக்கும் தட்டுகள் காகித உணவுத் தட்டுகள் என்றும், கார்ச் சக்கரத்தின் மூடிகள் என்றும் நெடுங்காலமாக எழுதப்பட்டு வருகிறது. அவை உண்மையில் கடைகளில் விற்ற நெகிழி விளையாட்டு மாதிரிகள்; நூலில் கட்டித் தொங்கவிடப்பட்டவை. வேறுபாடு சிறிதே. ஆயினும் காகிதத் தட்டு என்னும் கதை படைத்தோனின் அறியாமையைப் பெரிதாக்குகிறது. மாதிரிப் பொம்மை என்னும் உண்மை, கையிலிருந்த சிறு தொகைக்குள் அவர் தேடிக் கண்டடைந்ததைக் காட்டுகிறது.

எள்ளலே காரணமாயின் மிகத் தாழ்ந்த படமே மிகுந்த இன்பம் தருதல் வேண்டும். அவ்வாறு நிகழ்வதில்லை. ஒளி, ஒலி, கதை அனைத்திலும் தேர்ச்சியற்ற, ஆர்வமும் அற்ற படங்கள் அக்காலத்தில் எண்ணிறந்தன. அவற்றை எள்ளக்கூட எவரும் முன்வருவதில்லை. பேதைமையும் இதே காரணத்தால் முழுமையாகப் பொருந்தவில்லை. பேதைமை அறிவின்மை. வுட் தாம் கையாண்ட படவகையை அறியாதவர் அல்லர். அதன் ஒவ்வோர் உறுப்பையும் சிறுவயது முதல் நெஞ்சில் பதித்துக்கொண்டவர்.

எஞ்சி நிற்பவற்றுள் மடன் தனியே கருதத்தக்கது. கொளுத்தியதைக் கொண்டு, கொண்டதை விடாதிருக்கும் தன்மை எனப் பேராசிரியர் இதனைப் பெரும்பான்மை பற்றி விளக்குவார். அகப்பாடல் மரபில் இது தலைவியின் குணங்களுள் ஒன்றாகவும் போற்றப்படுவது நினைக்கத்தக்கது. ஒரே குணம் நகைக்கும் நிலைக்களனாகிறது. விரும்பத்தக்க பண்பாகவும் கொள்ளப்படுகிறது. கேம்ப் நகையின் இரட்டைத்தன்மையைச் சுட்ட இதனினும் பொருத்தமான சொல் மேலைத் திறனாய்வில் இருப்பதாகத் தோன்றவில்லை.

‘பிளான் 9’ முழுவதும் இம்மடன் வெளிப்படுகிறது. திகில் படம் முன்னுரையோடு தொடங்க வேண்டும் என்பது கொண்ட மரபு; ஆகவே தொலைக்காட்சியில் எதிர்காலம் கணித்துக் கூறிவந்த கிறிஸ்வெல், கேமராவை வெறித்து நோக்கியவாறு முழங்குகிறார். விமானம் வேண்டும் என்பது மரபு. ஆகவே இரண்டு நாற்காலியும் ஒரு திரைச்சீலையுமாக விமானி அறை எழுகிறது. மாண்டோர் எழ வேண்டும். ஆகவே சுவீடனில் பிறந்த மல்யுத்த வீரர் டோர் ஜான்சன் தம் பேருடலைக் கல்லறைக் குழியிலிருந்து தூக்க முயன்று திணறுகிறார். தொலைக்காட்சி வாய்ப்பை இழந்திருந்த வாம்பைரா தமக்கு எழுதப்பட்ட வசனங்களைப் பேச மறுத்து, இருகை நீட்டியபடி வாய்பேசாது நடக்கிறார். படத்தில் உண்மையாகவே ஓரளவு அச்சம் தரும் உருவம் அவருடையதே. தயாரிப்புக்குப் பணம் தந்தோர் ஒரு பாப்டிஸ்ட் திருச்சபையைச் சார்ந்தோர். கல்லறைக் கொள்ளையர் எனப் பொருள்படும் முதல் தலைப்பை அவர்கள் ஏற்கவில்லை. நடிகர் சிலர் ஞானமுழுக்கும் பெற்றனர். இத்தனைக்கும் இடையே எந்தக் காட்சியும் கைவிடப்படவில்லை.

படத்தின் கருப்பொருளும் நோக்கத்தக்கது. வேற்றுலகத்தார் மாண்டோரை எழுப்புவது, கதிரொளியையே வெடிக்கச் செய்யும் குண்டு ஒன்றை மனிதர் கண்டுபிடிப்பதற்கு முன் அவர்களைத் தடுப்பதற்காக. பிக்கினித் தீவுக் கூட்டத்தில் ஹைட்ரஜன் குண்டு வெடிக்கப்பட்டு இரண்டே ஆண்டுகள் கழிந்த வேளையில் இது எழுதப்பட்டது. வேற்றுலகத் தலைவன் மனிதரின் மூளையை ஆத்திரத்துடன் பழித்து உரைக்கும் இடம் திரையிடல்களில் பெருஞ்சிரிப்புக்கு உரியது. பளபளக்கும் சட்டையும் சிறுபிள்ளைச் சினமும் அதற்குக் காரணம். ஆனால் அவன் கூறும் வாதத்தில் பிழையில்லை. அதற்குப் படத்தின் நாயகன் அளிக்கும் மறுமொழி ஒரு குத்து. அன்றைய மதிப்புமிக்க படங்கள் பலவும் சுற்றிவளைத்துக் கூறியதை, கூறத் தகுதியற்றது எனக் கருதப்பட்ட ஒரு படம் நேரே கூறிவிட்டது.

அறிந்தே செய்யும் கேம்ப்

வில்லியம் காஸில் வேறு வகையினர். ‘மெக்காபர்’ (1958) படத்திற்கு வந்து அச்சத்தால் இறப்போர்க்கு 1,000 டாலர் காப்பீடு என அறிவித்தார். ‘ஹவுஸ் ஆன் ஹாண்டட் ஹில்’ (1959) ஓடுகையில் பார்வையாளர் தலைக்கு மேல் எலும்புக்கூடு பறந்தது. ‘த டிங்ளர்’ (1959) படத்திற்குச் சில அரங்குகளில் இருக்கைகளின் அடியில் அதிரும் கருவிகள் பொருத்தப்பட்டன. இங்கு உடன்பாடு முறியவில்லை. கூத்துக்களரி போன்று புதியதோர் உடன்பாடு செய்துகொள்ளப்பட்டது. பார்வையாளர் தம்மையே நகையாடிக்கொண்டு அலறினர். ராஜர் கார்மன் ‘த லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்’ (1960) படத்தின் பெரும்பகுதியை இரண்டு நாளில் எடுத்தபோது அது நகைச்சுவைப் படம் என்பதை அவரும் அறிவார், அரங்கும் அறியும். இவை இன்பமளிப்பவை, ஆயினும் மடன் இல்லாதவை.

பிற்காலத்தில் வேண்டுமென்றே மோசமாக எடுக்கப்படும் படங்கள் விரைவில் சலிப்பூட்டுவதும், 1988இல் தொடங்கிய ‘மிஸ்டரி சயின்ஸ் தியேட்டர் 3000’ என்னும் தொலைக்காட்சித் தொடரில் திரையோரம் அமர்ந்த பாத்திரங்கள் இடைவிடாது கேலி பேசுகையில் பழைய படமே மறைந்துபோவதும் இதனால்தான். நமக்காக முன்கூட்டியே எள்ளித் தருபவர் இருப்பின் நாமாகக் காண எதுவும் எஞ்சுவதில்லை. இத்தொடரை விரும்புவோர் இக்கருத்துக்கு உடன்படார் என்பதை இக்கட்டுரையாளர் அறிவார். அவர்களுள் சிலர் அவருடைய நண்பர்கள்.

நகையை ஒட்டி நிற்கும் இளிவரல்

எள்ளல் நோக்கில் அறவே புலப்படாத ஒன்று மடன் நோக்கில் புலப்படுகிறது. அது இளிவரல். மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பன அதன் நிலைக்களன்கள். பேலா லுகோசி இந்நான்கையும் உடலிலேயே சுமந்து வந்தவர்.

ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் 1882இல் பிறந்த அவர் 1931இல் ‘டிராகுலா’வாக நடித்து உலகப் புகழ் பெற்றார். அவ்வேடமே அவரைச் சிறைப்படுத்தியது. வாய்ப்புகள் சுருங்கின, வலிக்காக உட்கொண்ட மருந்துக்கு அடிமையானார், 1955இல் தாமே முன்வந்து மருத்துவமனையில் சேர்ந்தார். பெரிய நிறுவனங்கள் மறந்துவிட்ட அவருக்கு வேலை தந்தவருள் வுட்டும் ஒருவர். 1956 ஆகஸ்ட் 16 அன்று லுகோசி மறைந்தார்; டிராகுலா மேலங்கி உடுத்தியே அடக்கம் செய்யப்பட்டார். வேறு படத்திற்கென வுட் எடுத்து வைத்திருந்த சில நிமிட ஒலியற்ற படச்சுருளே எஞ்சியது. அதனைச் சுற்றியே ‘பிளான் 9’ கட்டப்பட்டது. மீதிக் காட்சிகளில் முகத்தை மறைத்துக்கொண்டு நடமாடுபவர் வுட்டின் மனைவிக்குச் சிகிச்சை அளித்துவந்த முதுகெலும்பு மருத்துவர். லுகோசியைவிட உயரமானவர், சாயலில் ஒட்டாதவர். வேறெவரும் அப்பாத்திரத்தை நீக்கியிருப்பர், அல்லது புதிய நடிகரை அமர்த்தியிருப்பர். லுகோசியின் பெயர் தம் படத்தில் இடம்பெற வேண்டும் என்பதை வுட் விடவில்லை. படத்தில் மிகுந்த சிரிப்பை விளைவிக்கும் அந்த மேலங்கி, நண்பர் ஒருவரை மறைவுக்குப் பின்னும் பணியில் வைத்திருக்கும் முயற்சி. டிம் பர்ட்டன் 1994இல் வுட்டைப் பற்றி எடுத்த படம் இந்நட்பையே நடுவாகக் கொண்டது. அதில் லுகோசியாக நடித்த மார்ட்டின் லாண்டோ ஆஸ்கார் விருது பெற்றார்.

விடுதி அறையில் அன்று படம் ஓடியபோது மேலங்கி மருத்துவர் வரும் இடமெல்லாம் அறுவரும் ஒருசேரச் சிரித்தோம். படத்தின் முற்பகுதியில் வரும் ஒரு காட்சியில் மட்டும் சிரிப்பு எழவில்லை. மனைவியை இழந்த முதியவராக லுகோசி எளிய வீடு ஒன்றிலிருந்து வெளியே வருகிறார். வெயில். வாசலருகே ஒரு மலரைப் பறித்து முகர்கிறார். பின்னர் மெல்ல நடந்து திரைச் சட்டகத்தை விட்டு வெளியேறுகிறார். கார் ஒன்று கிறீச்சிட்டு நிற்கும் ஓசையும் ஓர் அலறலும் மட்டும் கேட்கின்றன. மோதும் காட்சியை எடுக்கப் பணமும் இல்லை, நடிகரும் இல்லை.